கேமரா வாங்குமுன் சொந்த மெமரி கார்டுடன் கடைக்குச் செல்லுங்கள்
கேனான் ஆர்50, நிக்கான் இசட்30 ஆகிய தொடக்கநிலை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராக்களில் எதை வாங்குவதென்று தயங்குவோர், கோவையிலோ ஈரோட்டிலோ கடைக்குச் செல்லும்போது சொந்த எஸ்டி கார்டைக் கொண்டுசென்று, கடைக்காரரின் அனுமதியுடன் மங்கலான மூலையொன்றை இரண்டிலும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 6400, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/60 நொடி, எஃப்/6.3 (லென்ஸ் துளையின் அளவு) என்ற ஒரே அமைப்பில் படமெடுத்து, வீட்டுக் கணினியில் பெரிதாக்கி ஒப்பிடலாம். இரண்டிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே அளவுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரே (ஒளியைப் படமாக்கும் சில்லு) என்பதால், 24.2, 20.9 என்ற மெகாபிக்சல் எண்களைவிட, கல்யாண மண்டபத்தின் குறைந்த வெளிச்சத்தில் கிட் லென்ஸ் (கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் லென்ஸ்) தரும் தெளிவும் படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளுமே முக்கியமானவை. கேமராவின் சிறு திரையில் அவை புலப்படுவதில்லை. பெரும்பாலும் வெயிலில் படமெடுப்போருக்கு இச்சோதனை அவ்வளவாக உதவாது. உச்சிவெயிலில் பின்திரை சரிவரத் தெரியாதாகையால், ஆர்50-இல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம்) உண்டு, இசட்30-இல் இல்லை என்பதையே அவர்கள் முதலில் கருத வேண்டும்.