பழைய ஸ்டீரியோவுக்கு வைஃபையில் பாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த இரண்டு மாதத்தில் மூன்று வீடுகளுக்குப் போய், ஹாலில் சும்மா கிடந்த பழைய ஸ்டீரியோவில் கம்ப்யூட்டர் பாட்டும் இணைய வானொலியும் கேட்க வழி செய்து கொடுத்தேன். மூன்று வீட்டிலும் நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செய்த தவறுகளையே பார்த்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, ஸ்டீரியோவின் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) இன்புட்டை மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஐந்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடும். பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் விழுங்குகிறவை மட்டும் இங்கே.

அமைப்பு எளிமையானதுதான். பாட்டுகள் ஓர் அறையில் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஆம்புக்குப் பக்கத்தில் ஸ்ட்ரீமர் என்கிற சின்னப் பெட்டி ஒன்று. அது வைஃபையில் பாட்டை வாங்கி, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயர் வழியாக ஆம்புக்குக் கொடுக்கும். இணைய வானொலி என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம். பெட்டி நேராக நிலையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

புளூடூத் போதும் என்று முடித்துக்கொள்வது

சில நூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் ரிசீவர் கிடைக்கும், செருகினால் உடனே பாடும். எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஒலித்தரத்தைப் பற்றிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் ஏற்கெனவே சுருக்கி வைத்திருக்கும் எம்பி3 விரிக்கப்பட்டு, புளூடூத்துக்காக மறுபடியும் சுருக்கப்படுகிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் அது வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட்டுக்கு மேல் போகாது. சிடியில் இருப்பது 1,411.

ஆனால் வீட்டில் எரிச்சலைத் தருவது தரம் அல்ல. போனை எடுத்துக்கொண்டு வாசலில் காய்கறி வாங்கப் போனால் பாட்டு வெட்டி வெட்டி நின்றுவிடும். ஆலாபனை நடுவில் வாட்ஸ்அப் மணி ஹால் முழுக்க அடிக்கும். வைஃபை ஸ்ட்ரீமரில் போன் வெறும் ரிமோட். நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனை அணைத்தாலும் பாட்டு ஓடும்.

இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பிளின் பழைய ஏர்பிளே முறையில் ஒலி போன் அல்லது கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும்; கம்ப்யூட்டர் தூங்கினால் வானொலியும் நிற்கும். கூகுளின் குரோம்காஸ்ட், பல கம்பெனிகளுக்குப் பொதுவான யூபிஎன்பி போன்ற முறைகளில் பெட்டியே ஸ்ட்ரீமை எடுக்கிறது. வாங்கும் முன் பெட்டி எந்த வகை என்று கேட்டுவிடுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க்

"பெட்டி ஆன்ல இருக்கு, போன்ல காட்டவே மாட்டேங்குது சார்." எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். இணைய இணைப்பு கொடுத்தவர் வைத்த மோடத்தில் ஒரு வைஃபை இருக்கும். நாமே வாங்கி மாட்டிய ரவுட்டரில் இன்னொன்று இருக்கும். போன் ஒன்றில், பெட்டி மற்றொன்றில். இரண்டிலும் இணையம் வருவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் பெட்டி "நான் இங்கே இருக்கிறேன்" என்று கொடுக்கும் குரல் தன் நெட்வொர்க்கைத் தாண்டாது. ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் மோடத்தின் நெட்வொர்க்கையே பரப்பும் முறைக்கு) மாற்றி, மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டால் தீர்ந்தது. பெட்டியை விருந்தாளிகளுக்கென்று தனியாக வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்தாலும் இதே கதைதான்.

அடுத்த புகார், பாட்டு விட்டு விட்டு வருவது. ஒருவர் இதற்காக 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு மாற்றிவிட்டார், மாதா மாதம் கூடுதல் பணம். 128 கிலோபிட் வானொலி ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி கூட எடுக்காது. வேகத்தில் கோளாறே இல்லை. அவர் வீட்டு மோடம் படுக்கையறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதற்கும் ஹாலுக்கும் நடுவே இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். மோடத்தை பீரோவின் முன்பக்கம் கொண்டுவந்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடுகளோடு மோதாத சேனலாக 1, 6, 11இல் ஒன்றை வைத்ததும் பாட்டு விட்டு விட்டு வருவது நின்றது. 5 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் குறைந்தது, ஆனால் நம் ஊர்ச் சுவர்களில் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

முடிந்தால் பாட்டுகள் இருக்கும் கம்ப்யூட்டரை ரவுட்டரோடு ஒயரில் இணையுங்கள். இரண்டுமே வைஃபை என்றால் ஒரே பாட்டு காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு.

ஃபோனோ துளை

ஆம்பில் ஃபோனோ என்று எழுதியிருக்கும் துளை ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டும். ஸ்ட்ரீமரை ஆக்ஸ் என்று எழுதியிருப்பதில் செருகுங்கள்.

ராஸ்பெர்ரி பையின் ஹெட்போன் துளை

ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கக் கம்ப்யூட்டரையே ஸ்ட்ரீமராக வைப்பவர்களுக்கு இது. அந்தத் துளை வேண்டாம், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் டாக் போர்டு ஒன்று வாங்கிவிடுங்கள்.

கம்பெனியின் சர்வர் இருந்தால்தான் பாடும் பெட்டி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் கோபம் வருகிறது.

அப்பா சிங்கப்பூரில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகும் அவருக்கு அங்கத்தித் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ வேண்டும். காலையில் சங்கீதமும் வேண்டும். கண்பார்வை குறைந்துகொண்டே வந்ததால் போன் திரையைத் தடவித் தேடுவது நடக்காது. அதனால் 14,000 ரூபாய் கொடுத்து, முன்பக்கம் ஆறு பொத்தான்கள் இருந்த ஓர் இணைய வானொலிப் பெட்டியை வாங்கி அவருடைய பழைய ஆம்போடு இணைத்தேன். 1 அழுத்தினால் ஆகாசவாணியின் ‘ராகம்’ என்கிற சங்கீத வானொலி, 2 அழுத்தினால் சிங்கப்பூர். தினமும் விடியும் முன்னால் விரலால் தடவிப் பார்த்து முதல் பொத்தானை அழுத்துவார். பல மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் நான் ஊருக்குப் போயிருந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கேட்டேன். "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்குடா, மூணு நாளா பாடல" என்றார். மூன்று நாளும் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்திருக்கிறார். தன் கைதான் கெடுத்துவிட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. இணையமும் இருந்தது, நிலையங்களும் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தன. பெட்டிக்குப் பின்னால் இருந்த நிலையப் பட்டியல் சேவையை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வகைப் பெட்டிக்கு நிலையத்தின் முகவரி தெரியாது. பொத்தானில் பதிந்திருப்பது ஒரு குறியீட்டு எண் மட்டும். அழுத்தியதும் அது கம்பெனியின் சர்வரிடம் போய் "இந்த எண்ணுக்கு என்ன முகவரி?" என்று கேட்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் ஊமை. முகவரியை நாமே அடித்துக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் அந்தப் பெட்டியில் இடம் வைக்கவில்லை. வாங்கிய கடையில் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். நான் முழு விலை கொடுத்தது பெட்டிக்கு. அதன் உயிர் வேறு யாரோ மாதா மாதம் கட்டுகிற சர்வர் வாடகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

இது என் வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. பல நிறுவனங்களின் வானொலிப் பெட்டிகளுக்கு நிலையப் பட்டியல் கொடுத்துவந்த ரெசிவா சேவை 2021இல் மூடப்பட்டது. 2023இல் பிபிசி தன் வானொலிகளின் பழைய எம்பி3 ஸ்ட்ரீம்களை நிறுத்தி புதிய முறைக்கு மாறியது. மென்பொருளைப் புதுப்பிக்க முடியாத பெட்டிகளில் பிபிசி அதோடு போயிற்று. 2015இல் வந்த குரோம்காஸ்ட் ஆடியோ அழகான கருவி, 2019இல் தயாரிப்பு நின்ற பிறகும் பலர் வைத்திருந்தார்கள். 2025 மார்ச்சில் அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, போனிலிருந்து எதையும் அனுப்ப முடியாமல் போனது. கூகுள் சில நாளில் சரிசெய்தது. அவர்கள் சரிசெய்யும் வரை, விலை கொடுத்து வாங்கியவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் ஸ்குவீஸ்பாக்ஸ் என்கிற ஸ்ட்ரீமர். 2003இல் வந்தது. லாஜிடெக் 2006இல் அதைச் செய்த கம்பெனியை வாங்கி, 2012இல் அந்த வரிசையையே நிறுத்தியது. 2024இல் அதன் இணையச் சேவையும் மூடப்பட்டது. இருந்தும் இன்றைக்கும் அந்தப் பெட்டிகள் பாடுகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு வேண்டிய சர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆர்வலர்கள் அதை லிரியான் மியூசிக் சர்வர் என்ற பெயரில் வளர்த்துவருகிறார்கள், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். கம்பெனி போனது, பெட்டி போகவில்லை.

போன மாதம் அக்கா மகன் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "மாமா, பாதி விலைக்குப் போட்டிருக்கான், வாங்கிடவா?" என்று கேட்டான். தன் ஆப் தவிர வேறு எதற்கும் பதில் சொல்லாத பெட்டி அது. அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். ஒரு வானொலியின் ஸ்ட்ரீம் முகவரியை நானே அடித்தால் பாடுமா? இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு ரவுட்டர் மட்டும் ஓடும்போது, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைப் பாடுமா? அந்தக் கம்பெனியின் ஆப் இல்லாமல் யூபிஎன்பியிலோ ஏர்பிளேயிலோ பேசுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்கலாம். இரண்டாவதற்கு இல்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அப்பாவுக்குக் கடைசியில் ஒரு ராஸ்பெர்ரி பையும் டாக் போர்டும் யூஎஸ்பி நம்பர் பேடும் வாங்கினேன். மூன்றும் சேர்ந்து பழைய பெட்டியின் விலைக்குக் குறைவுதான். உள்ளே எம்பிடி என்கிற இலவச மென்பொருள், நிலைய முகவரிகள் எம்3யு என்கிற பட்டியல் கோப்பு ஒன்றில் வரிவரியாக. 1 அழுத்தினால் முதல் வரி, 2 அழுத்தினால் இரண்டாவது. நிலையம் முகவரியை மாற்றினால் அந்த ஒரு வரியை நான் சென்னையிலிருந்தே திருத்திவிடுகிறேன். அதன் பிறகு அப்பா ஒரு நாளும் தன் கையைச் சந்தேகிக்க வேண்டி வந்ததில்லை.

இவ்வளவு கைவேலை வேண்டாம் என்பவர்களுக்கு மூட், வொலுமியோ, பைகோர்பிளேயர் என்று ஆயத்த மென்பொருள்கள் இருக்கின்றன. எஸ்டி கார்டில் ஏற்றினால் போதும். அடிக்கடி கரண்ட் போகும் வீட்டுக்கு நான் பைகோர்பிளேயர் வைப்பேன். அது கார்டில் எழுதிக்கொண்டிருக்காமல் முழுக்க ராம் நினைவகத்தில் ஓடுவதால், சட்டென்று அணைந்தாலும் கார்டு கெடுவது அரிது.

படப்பாட்டும் ஆல்பம் ஆர்ட்டிஸ்டும்

மேல்நாட்டு மென்பொருள்கள் ஓர் ஆல்பம் என்றால் ஒரு பாடகர் என்று எதிர்பார்க்கும். நம் படத்தில் ஆறு பாட்டு, ஒன்பது பாடகர்கள். விளைவு, ஒரே படம் பட்டியலில் ஐந்தாறு துண்டாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு பாட்டுக் கோப்பின் விவரத்திலும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரை நிரப்புங்கள். பாடகர் பெயர் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் அப்படியே இருக்கட்டும். எம்பி3டேக் போன்ற மென்பொருளில் ஒரு படத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் செய்துவிடலாம். பெயர்களை எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே இசையமைப்பாளர் புள்ளியோடு ஒருவராகவும் புள்ளியில்லாமல் இன்னொருவராகவும் பட்டியலில் நிற்பார். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அவற்றை யூனிகோடில் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆயிரம் பாட்டு சேர்வதற்குள் இதைத் தொடங்குங்கள். நான் எட்டாயிரம் சேர்ந்த பிறகு தொடங்கினேன், ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

மூன்று இடத்தில் வால்யூம்

கம்ப்யூட்டரில் ஒன்று, ஸ்ட்ரீமரில் ஒன்று, ஆம்பில் ஒன்று. முதல் இரண்டையும் குறைத்துவிட்டு ஆம்பை முறுக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். முதல் இரண்டையும் உயரத்தில் நிறுத்திவிட்டு ஆம்பில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஆனால் புதிதாக இணைக்கும் ஒவ்வொரு முறையும் ஆம்ப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். முழு வால்யூமில் எழுந்த கம்ப்யூட்டரின் எச்சரிக்கை மணியில் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (கீச்சொலி தரும் பகுதி) போன வீட்டை எனக்குத் தெரியும்.

எர்த் பின்னை உடைப்பது

கம்ப்யூட்டரை ஆம்போடு ஒயரில் இணைத்தால் சில வீடுகளில் ம்ம்ம் என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். அதைப் போக்க பிளக்கின் மூன்றாவது காலை உடைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உயிர் போகும் வேலை. கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒயரே இல்லாவிட்டால் அந்த வழியாக வரும் இரைச்சல் தானாகப் போய்விடும். வைஃபைக்கு மாற அதுவே நல்ல காரணம்.

ஒரே ஹார்ட் டிஸ்க்

கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகளுக்கு இன்றைக்கே இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள்.