செய்தியாளர் போர் வரலாறு எழுத இறங்கினால்

யாழ்ப்பாணத்தில் நிருபராக இருந்தவரிடம் குறிப்புக் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் பத்திரிகை நறுக்குகளும் இருக்கும். அவற்றைக் கோத்து அச்சிட்டால் தடித்த செய்தித் தொகுப்புத்தான் மிஞ்சும். அன்றிரவு என்ன தெரிய வந்ததோ அதுதான் செய்தி. வரலாற்றுக்கு எது எப்போது நடந்தது என்பது வேண்டும். ஆகவே முதல் வேலை காலவரிசை.

முழுப் போரையும் தொட வேண்டாம். 1990இல் புலிகள் நடத்திய யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை போல எல்லை தெளிவான ஒன்றை எடுங்கள்: ஜூனில் தொடங்கி, செப்டெம்பர் 26இல் படையினர் வெளியேறியதோடு முடிகிறது. நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்து நிரல்: நேரம், இடம், சொன்னவர், கண்டதா கேட்டதா, பதிவான திகதி. கடைசி நிரலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் காலைப் பத்திரிகையின் திகதியே முதல்நாள் இரவுச் சண்டையின் திகதியாகிவிடும்.

அடுத்த பொறி மணிக்கூடு. 1996 மே மாதம் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 1996 ஜூலை முல்லைத்தீவுச் சமரில் புலிகள் பக்கமிருந்த வன்னிக்கு ஒரு மணி என்றால் கொழும்புக்கு இரண்டு. 2000 ஏப்ரல் ஆனையிறவில் வித்தியாசம் அரை மணித்தியாலம். எந்த நேரம் என்று குறிக்காமல் இரு தரப்பு அறிக்கைகளையும் ஒட்டினால், ஒரே தாக்குதல் இரண்டாகத் தெரியும்.

சாட்சிக்குத் திகதி நினைவிருக்காது. “நல்லூர் கொடியேற முன்னமோ, பிறகோ?” என்று கேட்டால் பதில் வரும். அதைவிட உறுதியானது, இறந்தவருக்காக அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடும் நினைவு மலர். அதிலுள்ள, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் உண்டு. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலும் இத்தகைய மலர்கள் பல கிடைக்கும். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் வாக்கியமா திருக்கணிதமா என்று கவனியுங்கள். இரண்டிலும் திதி மாறும் நேரம் வேறு. ஒரு நாள் பிசகலாம்.

கோட்டைக்குக் கிபிர் போர் விமானம் வந்து குண்டு போட்டது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தள்ளிவிடாதீர்கள். கிபிர் 1996இல்தான் இலங்கைக்கு வந்தது. பிந்திய பெயர் முந்திய நினைவில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். காற்றாடி ஒன்றா இரண்டா, தாழப் பதிந்ததா, சத்தம் எப்படி என்று கேளுங்கள். வந்தது சியாமாசெட்டி விமானமா அவ்ரோ விமானமா என்பது பெரும்பாலும் அதில் தெளிந்துவிடும்.

இழப்புக் கணக்கில் இரு தரப்பு எண்களையும் கூட்டிப் பாதியாக்குவது வரலாறல்ல. தனித்தனி நிரலில் வையுங்கள்; செஞ்சிலுவைச் சங்கம் ஊடாகக் கைமாறிய உடல்களின் எண்ணிக்கை கிடைத்தால் மூன்றாவது நிரல்.

தூரத்துக்கு 1:50,000 நில அளவைப் படம் போதும். அதில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். “கூப்பிடு தூரம்” என்று சாட்சி சொன்னால் படத்தில் விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு இடத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய போர்முனையான முகமாலைப் பக்கம் என்றால் மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் நில்லுங்கள். பழைய மண் அணையை அளக்க ஆசைப்பட்டு வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

சாட்சிகளின் பெயருக்குப் பதில் எண் இடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியல், ஒலிப்பதிவு இருக்கும் அதே கணினியில் இருக்கக்கூடாது.