எண்ணிக்கை ஏறியது, பெட்டி மூடவில்லை: புதிதாகத் தையல் தளம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஆடை தைக்கும் எங்கள் யூனிட்டில் ஒரு தம்பி புது சூப்பர்வைசராகச் சேர்ந்தார். மூன்றாம் நாள் காலையில் தையல் லைன் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, எத்தனை பீஸ் தைத்தாகிவிட்டது என்று மணிக்கு ஒரு தடவை பச்சை மார்க்கரில் எண் எழுத ஆரம்பித்தார். சாயங்காலம் என்னிடம் ஓடி வந்து, "அண்ணா, நேத்தைவிட நூத்தம்பது பீஸ் அதிகமுங்கண்ணா" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதிரிப் பலகையை, அதே பெருமையோடு, 2014இல் நானும் மாட்டியிருக்கிறேன்.

திருப்பூரில் தளம் பார்க்க வருகிற ஒவ்வொரு புது ஆளும் நான் விழுந்த குழியிலேயே விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்கள் போன் பார்க்கிறார்கள், டீ இடைவேளை நீள்கிறது, சம்பளத்துக்கு மறுநாள் ஆள் வரத்து குறைகிறது என்பதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தெரிகிற குறைகள். எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் உழைத்துக்கொண்டிருக்க, கம்பெனிக்குத் தேவையான வேலை மட்டும் நடக்காமல் போகுமே, அது கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் அவசரம் என்பது

ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வந்து சாம்பிள் கேட்பார். பையருடைய (சரக்கு வாங்கும் கம்பெனியுடைய) க்யூசி, அதாவது தரம் பார்ப்பவர், வேறு ஒன்று சொல்வார். முதலாளி போனில் மூன்றாவதைக் கேட்பார். புது சூப்பர்வைசர் மூன்றையும் வந்த வரிசையில் அப்படியே லைனில் இறக்கிவிடுவார். லைனில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கடைசியாக யார் சத்தம் போட்டார்களோ அவர் வேலையைச் செய்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

காலையில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: இன்றைக்கு இது முடிய வேண்டும். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: இன்றைக்கு எதைத் தொட வேண்டாம். இந்த இரண்டாவது பாதியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எதை விடலாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், எதை விடுவது என்பதை ஆள் தானாக முடிவு செய்வார். அவருக்குக் கஷ்டமான வேலைதான் நிற்கும்.

தப்பான எண்ணைப் பலகையில் எழுதுவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

2014இல் நான் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் தளப் பொறுப்பில் இருந்தேன். 12,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட். கிரே மெலாஞ்ச் 6,000, நேவி 6,000. எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கு சைஸ், விகிதம் 1:2:2:1. ஒரு பெட்டிக்கு ஒரே கலரில் 24 பீஸ்: எஸ் 4, எம் 8, எல் 8, எக்ஸ்எல் 4. ஆக மொத்தம் 500 பெட்டி. தூத்துக்குடியில் கப்பல் தேதி குறித்தாகிவிட்டது.

லைன் முடிவில் மணிக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது என்று பலகையில் எழுத ஏற்பாடு செய்தேன். அதிகம் இறக்கும் லைன் சூப்பர்வைசருக்கு வாரக் கடைசியில் ஊக்கத்தொகை என்றும் சொன்னேன். தளம் சூடுபிடித்தது. ஒன்பது நாளில் 10,400 பீஸ். முதலாளி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் பேக்கிங்கில் போய் நின்றேன். மூடிய பெட்டி 212. அதுவும் ஏறக்குறைய எல்லாம் கிரே.

பையருடைய இறுதிச் சோதனைக்கு ஆள் கூப்பிட வேண்டுமென்றால் சரக்கு முழுவதும் தைத்து முடிந்து, குறைந்தது 80 சதவீதம் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். அதாவது 400 பெட்டி. என்னிடம் அதில் பாதிதான் இருந்தது. ஆனால் பலகை, வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றது.

என்ன நடந்திருந்தது என்று மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்தேன். நேவி எக்ஸ்எல்லுக்கான கழுத்து ரிப் (கழுத்துப் பட்டைத் துணி) சாயம் போடும் டையிங்கிலிருந்து தாமதமாக வந்திருக்கிறது. அதுவரைக்கும் அந்த சைஸுக்கு வெட்டிக் கட்டிய துணி பண்டல்களை ஓரம் கட்டிவிட்டு மற்ற சைஸை ஓட்டியிருக்கிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் ரிப் வந்து சேர்ந்து நாலு நாளாகியும் அந்த மூட்டையை யாரும் பிரிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டுதானே இருந்தது? எக்ஸ்எல் இல்லாமல் நேவியில் ஒரு பெட்டிகூட மூடாது என்பது பேக்கிங்கில் இருந்த அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் நான் ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை.

இன்னொரு பக்கம், செக்கிங்கில் திரும்பிய பீஸ் ஆயிரத்துக்கு மேல், திருத்தித் தைக்க வேண்டியதைப் போடும் ஆல்டர் கூடையில் கிடந்தது. லைன் முடிவில் எண்ணியாகிவிட்டது, ஊக்கத்தொகைக் கணக்கிலும் சேர்ந்துவிட்டது. பிறகு அதைப் பிரித்துத் தைக்க யாருக்கு அக்கறை வரும்? ஒரு ஆல்டர் பீஸைச் சரிசெய்யும் நேரத்தில் இரண்டு புது பீஸ் இறங்கும். என் பலகையே அவர்களிடம் அந்தக் கூடையைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறது.

இரண்டு நாள் ராத்திரியும் பகலுமாக ஓட்டி, சோதனை ஆளைக் கூப்பிட்டோம். 12,000 பீஸ் ஆர்டருக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 கணக்கில் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 14 வரை இருந்தால் பாஸ், 15 வந்தால் ஃபெயில். எங்களுக்கு 23 வந்தது. மறுபடியும் பெட்டிகளைப் பிரித்து முழுவதும் செக்கிங். கப்பல் போய்விட்டது. பாதிச் சரக்கை முதலாளி விமானத்தில் அனுப்பினார். அந்த ஆர்டரில் அவருக்கு லாபம் ஒரு ரூபாய்கூட நிற்கவில்லை.

அன்றைக்கு நான் லைன் சூப்பர்வைசர்கள் இரண்டு பேரையும் எல்லார் முன்னாலும் திட்டினேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர்கள் நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள். பீஸ் கேட்டேன், பீஸ் வந்தது. கம்பெனிக்குத் தேவைப்பட்டதோ அனுப்பக்கூடிய பெட்டி.

இது திருப்பூரில் மட்டும் நடப்பதல்ல. ஒரு எண்ணைக் காட்டி ஆட்களை அழுத்த ஆரம்பித்தால் அந்த எண் நிலவரத்தைக் காட்டுவதை நிறுத்திவிடும் என்ற பொருளில் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975லேயே எழுதினார். அவர் பேசியது பணக் கொள்கையைப் பற்றி. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஊழியர்களிடம் இத்தனை கணக்கு திறந்தாக வேண்டும் என்று நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது; சுமார் 5,300 பேரை வங்கி வேலையை விட்டு அனுப்பியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் ஆல்டர் கூடைதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நான் பலகையில் எழுதுவது, மூடிய பெட்டி எத்தனை என்று மட்டும்தான். அதற்குக் கீழே ஒரு வரி: அடுத்த பெட்டி மூட எது குறைகிறது? நேவி எக்ஸ்எல், கேர் லேபிள், பாலிபேக், எதுவோ அது. இந்த ஒரு வரி வந்த பிறகு, குறைகிற சாமானைத் தேடி லைன் சூப்பர்வைசரே ஸ்டோருக்கு நடந்து போகிறார். நான் விரட்ட வேண்டியதில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினாலும் மாட்டிக்கொள்வீர்கள். பெட்டி மட்டும் எண்ணினால், செக்கிங்கை ஓட்டமாக ஓட்டி அவசரமாக மூடத் தோன்றும். அதனால் பக்கத்திலேயே செக்கிங்கில் திரும்பிய பீஸ் எத்தனை என்பதையும் எழுதுங்கள். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று கூலி. பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைப்பவருக்கு, தைத்த பீஸ் எண்ணிக்கைதான் வீட்டு அரிசி. கிரே ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் நேவிக்கு மாறச் சொன்னால், ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றுக்கே நாலு நூல் கோன் மாற்றி, நூல் கோத்து, தையல் சரிபார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவருக்குக் காசு இல்லை. கம்பெனிக்கு முக்கியமான வேலையைச் செய்ததற்காக அவர் பையிலிருந்து பணம் போகிறது. அப்புறம் ‘எதிலும் அக்கறையே இல்லை’ என்று அவரைச் சொல்வது அநியாயம். நூல் மாற்றும் நேரத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்று முதலாளியிடம் வாதாடி வாங்கினேன். ஒரு விமான பில்லோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. மறுநாள் அவரே பேக்கிங் மேசைக்குப் போய், "அக்கா, எதுங்க்கா குறையுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் சொல்லாமல் வேலை மட்டும் சொல்வது

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்களைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் ஓட்ட வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதை, ‘பையர் ரூல், செஞ்சிருங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் சொன்ன தளத்தில், பழைய ஊசித் துண்டை ஒட்டிக் கணக்குக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை ஆறு மாதக் குழந்தைக்கான ராம்பர் (மேலும் கீழும் ஒன்றாகச் சேர்ந்த உடை) ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு தையல்கார அக்கா கையில் கொடுத்து, "இதுக்குள்ள அந்த முனை இருந்தா எங்கக்கா குத்தும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கழுத்துப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். அந்த வாரத்தில் ஊசி உடைந்தபோது, காணாமல் போன அரை சென்டிமீட்டர் துண்டுக்காக மெஷினைத் தானே நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து காந்தத்தை வைத்துத் தேடினார். யாரும் சொல்லவில்லை.

தையலுக்கு உதவும் கைமடி ஆளிலிருந்து துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் வரை, தன் கையில் இருப்பது யாரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்தவருக்கு, எது முக்கியம் என்று தினமும் சொல்ல வேண்டியிருக்காது.

லைனை நிறுத்தியவரைத் திட்டுவது

டொயோட்டா தொழிற்சாலைகளில் குறையைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பட்டனை அழுத்தியோ உதவி கூப்பிடலாம். சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். நம் தளத்தில் "துணியில ஓட்டை வருதுங்க" என்று நிறுத்தியவரிடம், "நீ தைச்சுத் தள்ளு, செக்கிங்ல பாத்துக்கலாம்" என்கிறோம். ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னால் போதும். அதற்கப்புறம் அவர் எதையும் சொல்ல மாட்டார்.

நன்றாகத் தைப்பவரை நாளுக்கொரு மெஷினில் உட்கார வைப்பது

வேண்டாம்.

காலைக் கூட்டத்தை இழுப்பது

பத்து நிமிடம், நின்றுகொண்டே. அதற்கு மேல் ஒருவரிடம் பேச வேண்டியிருந்தால் அவர் மெஷினுக்குப் போய்ப் பேசுங்கள். மற்ற முப்பது பேரை எதற்கு நிறுத்தி வைக்க வேண்டும்?