ஃபைன்னா அபராதமா, அருமையா? இந்த ஒரு வார்த்தைய குழப்பம் இல்லாம யூஸ் பண்றது எப்படி

ஃபைன் போட்டாங்கன்னா காசு போச்சு, ஐ ஆம் ஃபைன்னா நல்லா இருக்கேன், ஃபைன் பவுடர்னா சலிச்ச மாதிரி பொடி. நான் ரொம்ப நாள் ஒவ்வொண்ணையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன், தேவையே இல்ல, வேரைப் பிடிச்சா மிச்சம் தானா வரும்.

வேர் லத்தீன்ல ஃபினிஸ், முடிவு இல்லன்னா எல்லைன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. நமக்கு இது சட்டுனு பிடிபடணும், ஏன்னா தமிழ்ல 'தீர்' இதே வேலையத்தான் பாக்குது. தீர்ந்துச்சுன்னா முடிஞ்சுச்சு, கடனைத் தீர்க்கிறோம், வழக்குக்கு தீர்ப்பு, அரசாங்கத்துக்கு கட்டுற வரிக்கு தீர்வை. முடிவுல கிளம்பி பணத்துல வந்து நிக்குது பாருங்க! ஃபைனும் அதே ரூட்டுதான், ஒரு விவகாரத்தை முடிச்சு வைக்க கட்டுற பணம். ஃபைனான்ஸும் கடனை முடிக்கிறதுல இருந்து வந்த வார்த்தைதான்.

பழைய இங்கிலாந்து கோர்ட்ல நில விவகாரத்துல ரெண்டு தரப்பும் செஞ்சுக்கிற கடைசி ஒப்பந்தத்துக்கே ஃபைன்னுதான் பேரு. 1195ல இருந்து அதை ஒரே தோல்ல மூணு தடவை எழுதி வெட்டி, ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு அடியில இருக்கிறதை கோர்ட்டே வச்சுக்கும், 1833ல சட்டம் போட்டு ஒழிக்கிற வரைக்கும் இந்த ஃபைன் முறை ஓடுச்சு.

சரி, நல்லதுங்கிற அர்த்தம் எப்படி வந்துச்சு? முடிவு வரைக்கும் போனது, அதுக்கு மேல மெருகேத்த இடமே இல்லாதது. தங்கத்துல 916னு போடுறது இதோட சொந்தம்தான், 1000 பங்குல 916 பங்கு சுத்தம், அதாவது 22 கேரட், இந்த அளவுக்கு இங்கிலீஷ்ல ஃபைன்னெஸ்னு பேரு. இழைச்சு இழைச்சு கடைசியில மெலிசா ஆனதும் ஃபைன், மெல்லிய நூல், மெல்லிய கோடு எல்லாம். இங்க ஒரு காமெடி, நாம பொடி "நைஸா இருக்கு"ன்னு சொல்றோம்ல, அதை அப்படியே இங்கிலீஷ்ல நைஸ் பவுடர்னு சொன்னா நல்ல பொடின்னுதான் நினைப்பாங்க, அங்க ஃபைன்தான் வரணும்.

இப்ப முக்கியமான இடம், நிறைய பேரு வழுக்குறது இங்கதான். ஃபைன் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா பெரும்பாலும் பெரிய பாராட்டு, எ ஃபைன் ரைட்டர்னா தேர்ந்த எழுத்தாளர். பின்னாடி வந்தா சும்மா ஓகேதான். யாராவது ராத்திரி பூரா முழிச்சு ஒரு வேலைய முடிச்சு காட்டும்போது இட்ஸ் ஃபைன்னு சொல்லிடாதீங்க, அவங்க காதுல "பரவால்ல, விடு"ன்னுதான் விழும். மெசேஜ்ல வெறும் ஃபைன், கூட ஒரு முற்றுப்புள்ளின்னு வந்துச்சா, எதிர்ல இருக்கிறவங்க கடுப்புல இருக்காங்கன்னு எடுத்துக்கிறது சேஃப்.

யாராவது இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேட்டு நீங்க ஐ ஆம் ஃபைன்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம், அதனால வேணும்னா யெஸ் ப்ளீஸ்னு தெளிவா சொல்லிடுங்க, இல்லன்னா கை காலியாத்தான் இருக்கும். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா ஐ ஆம் வெரி ஃபைன்னு சொல்றது கொஞ்சம் உறுத்தும், வெறும் ஃபைன், இல்ல அப்சொல்யூட்லி ஃபைன் போதும். ஆனா வெரி ஃபைன் த்ரெட் சரி, ஏன்னா அங்க மெலிசு எவ்ளோங்கிற அளவு பேசுறோம்.

மெஷின் நல்லா ஓடுதுன்னு சொல்ல இட் வொர்க்ஸ் ஃபைன், இங்க ஃபைன்லி போடாதீங்க. ஃபைன்லி பொடிப்பொடியா, நுணுக்கமான்னு சொல்ல மட்டும், ஃபைன்லி கட் மாதிரி. இசைக் குறிப்புல கடைசியில இதே எழுத்துக்களைப் பாத்தா அது இத்தாலியன், ஃபீனேன்னு படிக்கணும், பாட்டு அங்க முடியுது, பழைய அர்த்தம் அச்சு அசலா அப்படியே இருக்கு.

அபராதத்தை வினைச்சொல்லா சொல்லும்போது காரணத்துக்கு முன்னாடி ஃபார் போடணும், ஹி வாஸ் ஃபைண்ட் ஃபார் ஸ்பீடிங். இந்த ஃபைண்டும் தேடிக் கண்டுபிடிக்கிற ஃபைண்டும் ஒரே உச்சரிப்பு, கேக்கும்போது பக்கத்துல இருக்கிற வார்த்தைய வச்சுத்தான் எதுன்னு பிடிக்கணும்.