வத்தகைக் கொடி வாடுகிறதா? மருந்து வாங்கமுன் தண்டை வெட்டிப் பாருங்கள்

காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு கொடி தலை தொங்கினால் பலரும் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். பியூசேரியம் வாடல் நோயாக இருந்தால் அந்தக் காசு வீண். இந்தப் பங்கசு மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். இலையில் அடிக்கிற மருந்து அங்கே எட்டாது. குச்சவெளி மணலானாலும் கந்தளாய் வயல் மண்ணானாலும் கதை ஒன்றுதான்.

1. நோயைப் பிடியுங்கள்

பகல் வெயிலில் வாடி, பொழுதுபட நிமிர்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். தண்ணீர்க் குறைவென்றால் பாத்தி முழுக்கச் சேர்ந்து வாடும். இந்த நோயில் ஒரே செடியில் ஒரு கொடி வாட, பக்கத்துக் கொடி பச்சையாக நிற்கும். அப்புறம் வாடிய செடியொன்றைப் பிடுங்கி, நிலத்தை ஒட்டிய தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே கபில நிறக் கோடு ஓடினால் பியூசேரியம்தான். தண்டின் வெளியே வெடித்துப் பிசின் கசிந்தால் அது வேறு பங்கசு. அதற்கு மருந்து அடிப்பதில் பயன் உண்டு. சந்தேகமென்றால் செடியை வேரோடு கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம்.

2. நோய்ச் செடியை அகற்றுங்கள்

வேரோடு பிடுங்கி, பையில் போட்டுக் கட்டி, தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். வாய்க்காலில் வீசக் கூடாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பங்கசு மாட்டின் வயிற்றையும் கடந்து சாணத்தோடு தோட்டத்துக்கே திரும்பிவிடும். மண்வெட்டியைக் கழுவிவிட்டு அடுத்த பாத்தியில் இறங்குங்கள்.

3. அடுத்த போகத்துக்கு இடம் மாற்றுங்கள்

அந்தக் காணியில் 5 முதல் 7 வருடம் வத்தகை வேண்டாம். கச்சான், வெங்காயம், சோளம் போடலாம். அதற்குப் பிறகும் பங்கசு முழுதாக ஒழிந்துவிடாது, குறையும். பலரும் போடும் சுகர் பேபி இந்த நோயைத் தாங்காத இனம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, மாற்றக் காணி இல்லாதவர் என்ன செய்வது?

4. சுரையில் ஒட்டுங்கள்

1920களிலேயே ஜப்பானில் கையாண்ட வழி இது. வத்தகையைத் தாக்கும் இந்தப் பங்கசு சுரை வேரை அண்டுவதில்லை.

சுரை விதையை ஒரு வாரம் முந்திப் போடுங்கள். வத்தகை நாற்றின் வித்திலை விரிந்ததும், சுரையின் நடுக் குருத்தைக் கிள்ளி எறிந்து, அந்த இடத்தில் கூரான மூங்கில் குச்சியால் சரிவாக ஒரு துளை போடுங்கள். வத்தகை நாற்றை வித்திலைக்குக் கீழே சாய்வாக வெட்டி, குச்சியை எடுத்த கையோடு துளையில் செருகுங்கள். வெட்டு வாய் காயக் கூடாது. அதனால் நிழலில் வேலை செய்யுங்கள். ஒட்டிய நாற்றுகளைப் பொலித்தீனால் மூடி, சில நாள் ஈரமாக நிழலிலேயே வைத்து, பிறகு மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குங்கள். முதல் தடவை பாதி பட்டுப்போனாலும் மனம் தளர வேண்டாம். கை பழகப் பழகத் தேறும்.

5. நடும்போது

ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். மண்ணுக்குள் போனால் வத்தகை தன் வேரை விட்டுவிடும், நோயும் அந்த வழியாக ஏறும். களை பிடுங்கிவிட்டு மண் அணைக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.