ஊதா வரும்வரை நகராதீர்கள்: வெல்வெட் அசாசினில் முதல் இரவைத் தாண்டுவது எப்படி

என் மச்சான் சுடுகிற கேம்களில் புலி. அவனுக்கு வெல்வெட் அசாசினைப் போட்டுக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் ஏழு தரம் செத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கேமா" என்று எழும்பிப் போய்விட்டான். பிழை அவனுடையதுதான். வந்ததும் துவக்கைத் தூக்கினான். இதில் தோட்டா கைவிரலால் எண்ணுகிற அளவுக்குத்தான் கிடைக்கும்.

2009இல் வந்த கேம். ஹாம்பர்க் நகரத்து ரீப்ளே ஸ்டூடியோஸ் செய்தது. நாயகி வயலட் சம்மர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் உளவாளி. அவள் வேலைகளில் ஒன்று, பிரான்ஸ் தன் ஜெர்மன் எல்லையோரம் கட்டிய மாஜினோ அரணில் இருக்கும் எரிபொருள் கிடங்கைத் தகர்ப்பது. அதே போரில்தான், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் நம்முடைய திருகோணமலைச் சீனக்குடாவில் குண்டு போட்டன. அந்தக் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றைக்குள் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கிடங்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

சரி, தொடங்குவோம். முதல் வேலை, அறையை இருட்டாக்குவது. எங்கள் வீட்டு ஜன்னல் கடல் பக்கம். பின்னேர வெயிலில் திரையில் என் முகம்தான் தெரியும். அதற்காகத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவிடாதீர்கள். கூட்டினால் நிழல் எது, வெளிச்சம் எது என்றே பிரித்தறிய முடியாது. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், இல்லையென்றால் இரவில் விளையாடுங்கள்.

அடுத்தது குனிந்து நடப்பது. நிழலுக்குள் போனதும் வயலட்டின் உருவம் ஊதா நிறமாகும். ஊதா என்றால் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். அப்படியே நில்லுங்கள். காவலுக்கு நிற்பவன் எங்கே திரும்புகிறான், எங்கே தரித்து நிற்கிறான் என்று மூன்று சுற்றுப் பாருங்கள். மச்சானால் முடியாமல் போனது இந்த மூன்று சுற்றுத்தான்.

அவன் முதுகைக் காட்டிய பிறகு மெதுவாகப் பின்னால் போய்க் கத்தியைப் பாவியுங்கள். அப்புறம் உடலை இருட்டுக்குள் இழுத்துப் போட மறக்க வேண்டாம். அடுத்தவன் கண்டால் வினை.

வர மாட்டேன் என்று ஒரே இடத்தில் நிற்பவனுக்கு விசில். தூண்டில் போட்டவன் மாதிரிப் பொறுமை வேண்டும். ஒரு தரம் அடித்துவிட்டுக் காத்திருங்கள், அவனாகவே வருவான். வேறு சில இடங்களில் மின்பெட்டியை அணைத்து வெளிச்சத்தையே இல்லாமல் செய்யலாம். வீட்டில் கரண்ட் போனால் திட்டுகிற நாம், இங்கே அதை நாமே நிறுத்திச் சந்தோஷப்படுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது கைக்குண்டு வேலை. சிலர் இடுப்பில் அது தொங்கும். பின்னால் போய் ஆளைத் தொடாமல் ஊசியை மட்டும் உருவிவிட்டு ஓடிவிடுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றால் மூவர் கணக்கும் ஒன்றாக முடியும்.

கண்டுபிடித்துவிட்டார்களா? மோர்பின் ஊசி கையில் இருந்தால் போடுங்கள். எல்லோரும் சில நொடிகள் உறைந்து நிற்க, வயலட் இரவு உடையில் நடப்பாள். கேம் விசர்த்தனமாக ஏதோ செய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவிழந்து கிடக்கிறாள். நாம் விளையாடுவதெல்லாம் அவளுடைய ஞாபகங்கள். இந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலான வயலெட் சாபோ உண்மையில் வாழ்ந்த உளவாளி. ஜெர்மனியில் நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் 1945இல் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 23.

இன்னொன்று, நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. கேம் தானாகச் சேமிக்கும் இடங்களுக்கு இடையில் தூரம் அதிகம். நாலு பேரைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் பத்தடி இருக்கும்போது எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போனது. திரும்ப முதலாவது ஆளிலிருந்து. யூபிஎஸ் இருந்தால் மாட்டிவிட்டு உட்காருங்கள்.