கர்ப்பகால இரத்தக்கசிவு: வீட்டிலேயே தீர்மானித்துவிடும் தவறு

ஏழாம் வாரத்தில் உள்ளாடையில் பழுப்பு நிறக் கறையைக் கண்டதும், "எல்லாம் போயிற்று" என்று அழுதபடி படுத்துவிடுவோரும் உண்டு. "உடம்புச் சூடுதான்" என்று இளநீரைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவோரும் உண்டு. மருத்துவரைப் பார்க்காமல் தாமே முடிவு கட்டிவிடுவதில் இரு தரப்பினரும் ஒன்றுதான். முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஏதோ ஓரளவு இரத்தக்கசிவு ஏற்படுகிறது. அவர்களில் பாதிப் பேருக்காவது கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது.

ஆகவே கறையைக் கண்டதும் அதன் நிறம், அளவு, உடன்வரும் வலி ஆகியவற்றைக் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். பழுப்பு நிறம் பெரும்பாலும் பழைய இரத்தம். கட்டிகளோடு பளிச்சென்ற சிவப்பாக வந்து, மாதவிலக்கின்போது போல் அடிவயிறும் இடுப்பும் பிடித்து இழுத்தால் அன்றே பரிசோதனை தேவை. டாம்பான் வேண்டாம், பேட் வைத்தால்தான் அளவு தெரியும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுவதும் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நீடித்தால் அது அவசர நிலை. சதைத்துண்டு போல ஏதேனும் வெளிவந்தால், பதற்றத்தில் கழிப்பறையில் நீரூற்றிவிடாமல், சுத்தமான டப்பாவில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். அது மருத்துவருக்கு உதவும்.

வயிற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்தில் இருக்கும் முன்பதிவுக்காகக் காத்திருக்கும் நேரமல்ல அது. சிங்கப்பூரில் அவசர மருத்துவ வாகனத்துக்கான 995ஐ அழைக்க வேண்டும். மற்ற நேரங்களில், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் மகப்பேறு அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இரத்தமே வராததால் எல்லாம் சரி என்று எண்ணுவதும் தவறுதான். சில சமயம் கருவின் வளர்ச்சி நின்றுபோயிருந்தும் உடல் எந்த அறிகுறியும் காட்டாது, ஸ்கேனில்தான் தெரியவரும். அதற்காக ஒருநாள் மசக்கை குறைந்ததும் கலங்க வேண்டியதில்லை.

ஸ்கேனை அவசரப்பட்டு எடுப்பதால் வரும் வேதனையோ பெரிது. ஐந்தாம் வாரத்தில் கருப்பையினுள் ஒரு சிறு நீர்ப்பை மட்டும் தெரியலாம். ஆனால் இதயத்துடிப்பு ஆறாம் வாரத்தையொட்டித்தான் தென்படத் தொடங்கும். மாதச் சுழற்சி 35 நாள் உடையவருக்கு நாட்காட்டி ஏழு வாரம் என்று காட்டினாலும் கருவின் வயது ஆறு வாரமாகவே இருக்கக்கூடும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டும் முன் துடிப்பு தெரியவில்லை என்பதற்காக மருத்துவர்கள் கைவிரிப்பதில்லை. குறைந்தது ஒரு வாரம் கழித்து மீண்டும் வரச்சொல்வார்கள். அதை இழுத்தடிப்பு என்று எண்ணி வேறு மருந்தகம் தேடி ஓடாதீர்கள்.

கரு கலைந்தபின், தேக்கா சந்தையில் வாங்கிய பப்பாளியா, எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க ஓடியதா என்று குடும்பமே காரணம் தேடும். இந்த விசாரணைதான் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது கலைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நிகழ்பவை. அவற்றில் பாதியளவுக்குக் காரணம், கரு உருவாகும்போதே ஏற்படும் குரோமோசோம் பிழை. பழுத்த பப்பாளிக்கோ மாடிப்படிக்கோ அதில் பங்கில்லை. படுத்தே கிடந்தாலும் அதைத் தடுக்க முடியாது. காய்ப் பப்பாளியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புகை, மது, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, தைராய்டு கோளாறு, தாயின் வயது ஆகியவையே அபாயத்தைக் கூட்டுபவை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கேஃபைன் என்ற வரம்பைக் காப்பிக்கடைக் கட்டிக் காப்பி இரண்டே குவளையில் தொட்டுவிடக்கூடும்.

தோழிக்குப் பலித்தது என்று மிச்சமிருந்த புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோன்) மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். முன்பே கருச்சிதைவு கண்டு, இப்போதும் கசிவு உள்ளவர்களுக்கே அதனால் பயன் இருப்பதாகத் தெரிகிறது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரத்தவகையைச் சொல்ல மறப்பது நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல். ஆர்எச் நெகட்டிவ், அதாவது 'ஓ நெகட்டிவ்', 'ஏ நெகட்டிவ்' போன்ற இரத்தவகை, சீனர்களிடையே மிக அரிது. இந்தியர்களிடையே அவ்வளவு அரிதல்ல. அந்த வகையினருக்குச் சில சூழல்களில், கசிவு தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (கருவின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்குவதைத் தடுப்பது) போடவேண்டியிருக்கும் என்பதால், மருத்துவமனையில் நுழைந்ததுமே இரத்தவகையைச் சொல்லிவிடுங்கள்.